பழசெங்கே சார் மெமரி வாங்கிய கதை

பேருந்துப் பணிமனையின் உதிரிபாக ஸ்டோரில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் பழசெங்கே சார்.

காரணம் இல்லாமல் இல்லை. மெக்கானிக் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, "சார், வண்டி கிளம்பணும், சீக்கிரம் ஒரு ஃபேன் பெல்ட் குடுங்க" என்பார். இவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "பழசு எங்கே?" என்பார். கழற்றிய பழைய பெல்ட் கவுண்டர் மேல் வந்து விழ வேண்டும். அதில் உள்ள நம்பரை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். புதியதை எடுத்து வந்து அதன்மேல் வைத்து அளந்து பார்ப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று மனசு சமாதானம் ஆன பிறகுதான் புதியது வெளியே போகும். எதிரில் நிற்கிறவர் தலைகீழாய் நின்றாலும் சரி, அதற்கு முன்னால் போகாது.

பழையதற்கு உடனே ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் கம்பியால் கட்டுவார். வண்டி எண், தேதி, கழற்றிய காரணம். சிவப்புச் சீட்டு கட்டிய சாமான் மறுபடி வண்டி ஏறக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருமுறை புது பிரேக் லைனர் வரத் தாமதமானபோது, சீட்டுக் கட்டிய குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லி மேனேஜரே வந்து நின்றார். "கழட்டினது கழட்டினதுதான் சார்" என்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டி மூன்று நாள் நின்றது. மேனேஜர் காச்சு மூச்சென்று கத்தினார். இவர் அசைந்து கொடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டோரிலிருந்து தப்பான பொருள் போய் வேலை கெட்டுவிட்டால், பழி மெக்கானிக் தலையில் விழ விடமாட்டார். நேரே போய், "தப்பு என்னுது, நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

அவர் மனைவி இதையெல்லாம் வைத்து அவரைப் பிய்த்து எடுப்பாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பழசு எங்கேன்னு கேக்காம விட்டாரே, அதுவே பெருசு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். வீட்டில் பேச்சு அவளுடையது, சிரிப்பு இருவருடையதும் என்று ஒரு ஏற்பாடு.

அந்த வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய தையல் மேஜைமேல், ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போனாள். கம்ப்யூட்டர் போகவில்லை. அதை ஓட்டக் கற்றுக்கொண்டது அவள் அம்மாதான். ஆன் செய்ததும் 'பீப் பீப்' என்று கத்தினால், பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே செருகியிருக்கும் மெமரிக் குச்சியைப் பிடுங்கி, அதன் அடிப்பக்கத்துப் பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகிவிடுவாள். கத்தல் நின்றுவிடும். ரப்பரை மேஜை டிராயரிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் மகளோடு வீடியோவில் பேச்சு. ஒன்பதரைக்கே தலை வாரிக்கொண்டு அம்மா தயார். தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், எல்லாவற்றைப் பற்றியும். அவர், மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தோளும் அரைக் காதுமாகப் படத்தில் தெரிவார். நடுவில் குனிந்து, "சாப்பிட்டியா பாப்பா?" என்பார். "ஆச்சுப்பா." அவ்வளவுதான், அப்பாவின் பங்கு முடிந்தது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்குக் கைபேசியும் ஒத்துவரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கிரீஸும் இரும்பும் தேய்த்த விரலைத் தொடுதிரை மதிப்பதே இல்லை. பட்டன் வைத்த பழைய போன் ஒன்றே இருவருக்கும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகு மனைவிக்கு வியாதி வந்தது. அது என்ன வியாதி என்பதை அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டாக்டர் ஒரு வருஷம் என்றார். சிகிச்சை ஆரம்பித்த மூன்றாவது வாரமே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று.

மகளுக்கு அப்போது அந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் வரவேண்டியிருந்தது. வருகிறவரை நாட்டைவிட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்று நிலைமை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட மூச்சு விடக் கூடாது. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. ஆறே மாசம். பேப்பர் வந்துடும், எனக்கும் முடி முளைச்சுடும். அப்புறம் நானே சொல்றேன்."

"கேமராவுல பார்த்தாலே தெரிஞ்சுடுமேம்மா."

"கேமராதானே? அது வேலை செய்யலைன்னு சொல்லிட்டாப் போச்சு."

அந்த ஞாயிறு அவளேதான் ஆரம்பித்து வைத்தாள். "கம்ப்யூட்டர் இழுக்க மாட்டேங்குதுடி. மெமரி பத்தலையாம். படம் போட்டா அப்படியே நின்னுடுது. உங்க அப்பா வேற மெமரி பார்த்துக்கிட்டு இருக்கார்" என்றாள். குரல் மட்டும் போயிற்று. குரலுக்கு முடி கொட்டவில்லை, கன்னம் ஒட்டவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் மகள் கேட்டாள். "அப்பா, மெமரி கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டே இருக்கேன் பாப்பா. பழைய மாடல் பாரு, சரியான நம்பர் கிடைக்கணும்."

"உங்ககிட்டயா கிடைக்கலை? எந்த நட்டும் அஞ்சு நிமிஷத்துல எடுப்பீங்களே!"

சிரித்தார். மனைவியும் சிரித்தாள். நாலு மாசம் இப்படி ஓடியது. டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தை வியாதி கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. பேப்பராவது மண்ணாவது என்று மகள் விமானம் பிடித்து வந்தபோது, பார்ப்பதற்கு அம்மா இல்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு, "எப்படிப்பா? எப்படி?" என்று கதறியபோது வாயில் வந்தது, "திடீர்னு பாப்பா. ரெண்டு வாரம் காய்ச்சல். அவ்வளவுதான்" என்பதுதான். ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் முன்னமே ஒரு பிரேக் லைனர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தார். மகள் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்; வேலை எப்படியோ தப்பித்தது.

இது நடந்து இரண்டு வருஷம்.

ஞாயிறு பத்து மணி மட்டும் நிற்கவில்லை. இப்போது நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். கேமரா முன்னால் முழு முகமாக உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மகளிடம் பேச அவரிடம் ஒன்றுமே இல்லை. 'சாப்பிட்டியா' கேட்டாயிற்று. 'ஆச்சுப்பா' வந்தாயிற்று. அப்புறம்?

அவர்களைக் காப்பாற்றியது கம்ப்யூட்டர்தான். எந்தச் சாமி புண்ணியமோ, அது இப்போது நிஜமாகவே படுத்துக்கொண்டது. வருஷாவருஷம் உள்ளே வந்து சேர்ந்த புதுப் புது விஷயங்களைத் தூக்க அதன் இரண்டு ஜிபிக்குத் தெம்பில்லை. ஆன் செய்தால், ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி தோன்றவே கால் மணி நேரம் ஆகும். பேச ஆரம்பித்தால் படம் உறைந்துவிடும்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது. நீ தெரியலை."

"நீங்க வாயைத் திறந்தபடி அப்படியே நிக்கிறீங்க."

"மூடிட்டேனே!"

"இங்க இன்னும் மூடலை. வலது பக்கம் கீழே ஒரு பெருக்கல் குறி இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. ஐயோ, அது இல்லப்பா, மேல..."

இப்படியே முக்கால் மணி நேரம். கட் ஆகும், கூப்பிடுவாள், மறுபடி கட் ஆகும். மற்றவர்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். பழசெங்கே சாருக்கு அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும். மகள் திட்டினாலும் அது தன்னிடம் பேசுகிற பேச்சு அல்லவா? அவருக்கு இருந்த ஒரே சொந்தம் வாரம் ஒருமுறை அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது.

ஒரு ஞாயிறு அவள் தீர்மானமாகச் சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவை மெமரி மாத்தியே ஆகணும். அன்னைக்கு மாதிரி இழுத்தடிக்க விடமாட்டேன். மூடியைக் கழட்டுங்க, உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க, நான் எழுதிக்கறேன்."

'அன்னைக்கு மாதிரி' என்றதைக் காதில் வாங்காததுபோல ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் பழைய ஸ்டோர்காரர் விழித்துக்கொண்டார். அட, இதுவும் உதிரிபாகம்தானே! நம்பர் இருக்கிறது, அளவு இருக்கிறது, சேருவது சேராதது இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்தார்.

அந்த ஒரு மாதம்தான் மனைவி போன பிறகு அந்த வீடு பார்த்த நல்ல மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவும் மகளும் மெமரியைப் பற்றியே பேசினார்கள். போர்டில் இரண்டு பள்ளம், ஒன்றில் குச்சி, ஒன்று காலி. பள்ளம் ஒன்றுக்கு நாலு ஜிபிக்கு மேல் தாங்காது. டிடிஆர் இரண்டு, மூன்று, நாலு என்று ரகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று இறங்காது. இங்கே வேண்டியது மூன்று. லேப்டாப் குச்சி பாதி நீளம்தான், அதுவும் ஆகாது. வேகம் 1333. இதற்கு மேற்பட்ட வேகம் வாங்கினாலும் இந்தப் போர்டில் அது மெதுவாகத்தான் நடக்கும். எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதினார்.

"பழசு இருக்கட்டும்பா. காலிப் பள்ளத்துல ஒரு நாலு ஜிபி போட்டா போதும்" என்றாள் மகள்.

"அது எப்படிப் பாப்பா? ஒரு சக்கரத்துக்குப் புது லைனர், இன்னொண்ணுக்குப் பழசுன்னு போடுவாங்களா? வண்டி ஒரு பக்கமா இழுக்கும். மாத்தினா ஜோடியா மாத்தணும்."

"இது பஸ் இல்லப்பா!"

"எதுவா இருந்தா என்ன?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே படம் உறைந்துபோயிற்று. அவர் பெருக்கல் குறியை அமுக்கவில்லை. அது தானாக நகரும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பழைய குச்சியைப் பிடுங்கித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். வேறு எப்படிப் போவார்? மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் மட்டும் நிற்கிற அகலத்துக்குக் கம்ப்யூட்டர் சாமான் கடை. நடுவயதுக் கடைக்காரம்மா ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தார். இவர் வாய் திறக்குமுன், "பழசு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். பழசெங்கே சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வி அவரைப் பார்த்து வருகிறது.

கடைக்காரம்மா ஒரு குச்சியை எடுத்துப் போட்டார். இவர் அதைப் பழையதன்மேல் வைத்து அளந்தார். வெட்டு சரி, நீளம் சரி, நம்பர் சரி. திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு பக்கம்தான் சிப் இருக்கு. பழசுல ரெண்டு பக்கமும் இருக்கே?"

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே சார், இதை யாரும் கவனிக்க மாட்டாங்க. போர்டு நம்பர் என்ன?" நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல வேளை. இந்தப் பழைய போர்டுக்கு ரெண்டு பக்கமும் எட்டு எட்டா, பதினாறு சிப் உள்ளதுதான் சேரும். இதைப் போட்டிருந்தா ஆனே ஆகியிருக்காது. வீட்டுக்குப் போய் என்னைத் திட்டியிருப்பீங்க."

உள்ளே போய்த் தேடி, பதினாறு சிப் வைத்த குச்சி இரண்டைக் கொண்டுவந்தார். பழசெங்கே சார் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எதுக்கு சார், இந்த வயசுல இவ்வளவு மெமரி?"

"பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. வீடியோவுல பேசறதுக்கு."

"இப்போ வேணும்தான். ரெண்டு வருஷம் முன்னால வரைக்கும் இந்த ரெண்டு ஜிபியே வீடியோவுக்குத் தாராளமாப் போதுமே."

"தெரியும்மா" என்றார். பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தார். ப்ளக்கைப் பிடுங்கினார். உடம்பில் ஒட்டிய மின்சாரம் இறங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டார். பள்ளத்தின் இரு ஓரத்துக் கொக்கிகளை விரித்து, வெட்டைப் பார்த்துக் குச்சியை வைத்து இரு கட்டைவிரலாலும் அமுக்கினார். டக். டக். அடுத்தது. டக். டக். மூடினார். ஆன் செய்தார். ஒரு பீப்கூட இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பச்சைப் புள்ளி வந்து நின்றது.

பழைய குச்சியைச் சும்மா போட மனசு வரவில்லை. ஓய்வு பெற்றபோது கையோடு வந்துவிட்ட சிவப்புச் சீட்டுகள் இன்னும் கொஞ்சம் இருந்தன. தேதி எழுதினார். காரணம்: 'தாங்கவில்லை.' கம்பியால் கட்டி, ரப்பர் இருந்த டிராயரிலேயே வைத்தார்.

ஞாயிறு, பத்து மணி. மகள் வந்தாள். அப்படி ஒரு தெளிவு! நெற்றியோரத்தில் இரண்டு நரை. இத்தனை நாள் அது தெரிந்ததே இல்லை.

"அப்பா! நீங்க அசையறீங்க!" என்று குழந்தைபோலக் கைதட்டினாள்.

"நீயும்தான்."

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

அதற்குமேல் அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. சாப்பிட்டியா, ஆச்சுப்பா. வெயிலா, குளிரா. மூன்று நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் உறையவில்லை, சும்மா இருந்தது இவர்கள்தான்.

அந்த மௌனத்தை நிரப்பத்தான் அவள் கேட்டிருக்க வேண்டும். "யாரைக் கூப்பிட்டு மாட்டினீங்க?"

"யாரை எதுக்குக் கூப்பிடணும்? நானேதான்."

"நீங்களேவா! எவ்வளவு நேரம் ஆச்சு?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அரை நாள் ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். முப்பத்து நான்கு வருஷத்து வேலைக்காரனின் பெருமை முந்திக்கொண்டது.

"பத்து நிமிஷம்கூட ஆகலை பாப்பா. மூடியைக் கழட்டறதுக்குத்தான் அதுல பாதி."

மகளின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை அவர் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"பத்து நிமிஷமா?"

"ஆமா... ஏன்?"

"பத்து நிமிஷ வேலைப்பா." அழ ஆரம்பித்தாள். "அம்மா இருந்தப்போ நாலு மாசம் இதைச் செய்யாம விட்டுட்டேன். நீங்க தேடறேன்னு சொன்னீங்க. உங்களுக்கு என்னப்பா தெரியும் இதெல்லாம்? நான்தானே பார்த்திருக்கணும்? ஒரு சனிக்கிழமை ஆர்டர் போடலாம்னு உட்கார்ந்தேன். எந்த மாடல்னு தெரியலை. காலையில கேட்டுக்கலாம்னு தூங்கிட்டேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். அம்மா முகத்தைக் கடைசியாப் பார்க்காம இருந்ததுக்கு இதுதான் காரணம். நான் தூங்கிட்டேன்பா."

"உன் தப்பு இல்ல, விடும்மா."

"என் தப்புதான். ரெண்டு வருஷமாத் தினமும் நினைச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தால் அடுத்த ஞாயிறும் மகள் வந்திருப்பாள். அதற்கடுத்த ஞாயிறும், அவர் கண்ணை மூடும்வரை எல்லா ஞாயிறும் வந்திருப்பாள். வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் செய்ய வேண்டிய வேலை. ஆனால் தன் கையால் போன தப்புக்கு இன்னொருத்தர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனுஷனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதுவும் தான் பெற்ற பெண்.

"பாப்பா, அப்போ கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்தது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன?"

"மெமரி போதும். கேமராவும் நல்லா இருந்தது. அம்மாவுக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. உனக்குக் காட்ட வேண்டாம்னா. உனக்குப் பேப்பர் வரட்டும்னா. காய்ச்சல் இல்ல பாப்பா."

"எப்போலேர்ந்து?"

"அந்த நாலு மாசமும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வாராவாரம் கேட்டேனேப்பா. மெமரி கிடைச்சுதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, தேடிக்கிட்டு இருக்கேன்னு."

"அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறாள், ஒரு பட்டனை அமுக்கினால் தெரிந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓடி வந்திருப்பேனேப்பா. வேலை போனா மயிரே போச்சுன்னு வந்திருப்பேனே. அவ தலையைத் தடவிக் குடுத்திருப்பேனே."

"அதுக்குத்தான் பாப்பா..."

"வெச்சுடறேன்" என்றாள். திரை உடனே மாறிவிட்டது. புது மெமரி எதற்கும் தாமதிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. இருக்கிறாள். கையெட்டும் தூரத்தில் இருக்கிறாள். கூப்பிடவில்லை. பத்தே காலுக்கு அவரே கூப்பிட்டார். மணி தெளிவாக, விட்டு விட்டு, கடைசிவரை அடித்து நின்றது. புள்ளி பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் அவர் கூப்பிட்டதும் பச்சை அணைந்துவிட்டது. பட்டன் போனை எடுத்து அவள் நம்பரை அடித்துப் பார்த்தார், அதுவும் எடுக்கப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவி போனபோதுகூட மகளைத் தேற்ற வேண்டியிருந்ததால் அவர் அழுதிருக்கவில்லை. இப்போது தேற்றுவதற்கு யாரும் இல்லை, அழுவதற்கு நேரம் நிறைய இருந்தது.

நான்காவது ஞாயிறு. ஒன்பதே முக்கால்.

ப்ளக்கைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றினார். ஓரத்துக் கொக்கிகளை விரித்து, புதுக் குச்சிகள் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். கழற்றிய சாமானைச் சீட்டு இல்லாமல் வைத்துப் பழக்கமில்லை. சிவப்புச் சீட்டு இரண்டை எடுத்துத் தேதி எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிக் கட்டினார்.

பிறகு டிராயரைத் திறந்து பழைய குச்சியை எடுத்தார். கம்பியை வெட்டிச் சீட்டைக் கழற்றினார். மேனேஜர் வந்து நின்றபோதுகூடச் செய்யாத காரியம். பக்கத்திலேயே மனைவியின் ரப்பர் இருந்தது. அவள் தேய்ப்பதுபோலவே மேலிருந்து கீழாக, ஒரு பக்கம், மறுபக்கம் என்று தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகினார். டக். டக்.

ஆன் செய்தார். திரை கறுப்பாக வெகுநேரம் நின்றது. பிறகு நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சைப் புள்ளியைக் காணோம், அணைந்த புள்ளியைக் காணோம், ஒன்றையும் காணோம். அவர் நாற்காலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"பாப்பா கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பா" என்றார் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து. "இதுதான் இன்னும் எழுந்திருக்க மாட்டேங்குது."